பாசிர் பெனம்பாங்கில் ஒரு வாரம்

கொரோனா இருந்த இரண்டு வருடமும் திலகத்தின் வீட்டில் எல்லாருக்கும் மனம் நன்றாகத்தான் இருந்தது. எல்லை திறந்து, மலிவு விமான டிக்கெட் விற்பனைக்கு வந்த வாரத்தில்தான் கெட்டுப்போனது.

ராவாங்கில் அலுவலக வேலை பார்க்கும் மகன் சுகுமாரன், "மைண்டை ரீசெட் பண்ணணும்" என்று பாலித் தீவுக்குப் போனான். ஐந்து நாளில் ஏழு கடற்கரை பார்த்தான். திரும்பி வந்த களைப்பு தீர இரண்டு நாள் மருத்துவ விடுப்பு எடுத்தான். மகள் விஷாலினி தோழிகளோடு வியட்நாம் போய், மனம் அமைதியாகிவிட்டதாக அங்கிருந்தே படம் போட்டாள். அதற்கு லைக் போதவில்லை என்று வந்து ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் கனவு இடங்களுக்கு ஓட்டெடுப்பு நடந்தது. மலேசியாவிலேயே ஈப்போவைத் தாண்டியிராத பெரியப்பாகூட ஐஸ்லாந்துக்கு ஓட்டுப் போட்டார்.

திலகத்தை யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. அவளுக்கு அறுபது வயது. தோட்டத்து லயத்தில் பிறந்தவள், பராமரிப்புப் பயிற்சி எடுத்து முதியோர் இல்லமொன்றில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவள். ஓய்வு பெற்ற மறு வருடம், முதல் ஊரடங்கு மாதத்தில், செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய கணவர் சுப்பிரமணியத்துக்குப் பக்கவாதம் வந்தது. அன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைப்பாள். இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். நடுவில் கஞ்சி, குளியல், கைகால் பயிற்சி, பெம்பர்ஸ் மாற்றுவது. மூன்று வருடமாக அவள் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை. "அம்மாவுக்கு இதெல்லாம் பழக்கம்" என்பார்கள் பிள்ளைகள், பெருமையாக.

அன்னையர் தினத்துக்கு கேக் வந்தது. அதோடு ஒரு கேள்வியும் வந்தது.

"மா, உங்க ட்ரீம் டெஸ்டினேஷன் என்ன? பழனிதானே?" என்றாள் விஷாலினி.

"பாசிர் பெனம்பாங்" என்றாள் திலகம்.

கேக் வெட்டிய கத்தி நின்றது. கோல சிலாங்கூர்ப் பாலத்தைத் தாண்டினால் பாசிர் பெனம்பாங். வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம்.

"அங்க என்னம்மா இருக்கு? மீன் கடைதான் லா" என்றான் சுகுமாரன்.

"கட்டில் இருக்கு. கருவாட்டுக் கடை அஜீஸா, கடைக்கு மேல ரூம் விடுறா. கேட்டுட்டேன். மூணு ராத்திரி."

"தனியாவா?"

"தூங்குறதுக்குத் துணை எதுக்கு?"

சுகுமாரனுக்கு இன்னும் நல்ல யோசனை இருந்தது. வேன் எடுத்து, அப்பாவையும் தூக்கிப் போட்டுக்கொண்டு, எல்லாரும் கேமரன் மலைக்குப் போகலாம்.

"அங்கயும் நான்தானே புரட்டணும்? குளிர்ல புரட்டணும், அவ்வளவுதான் வித்தியாசம்."

அவள் அழவுமில்லை, கோபப்படவுமில்லை. இரண்டு வாரம் மகனுக்கும் மருமகள் பிரமிளாவுக்கும் வகுப்பு எடுத்தாள். "கையைப் பிடிச்சு இழுக்காத. அது கதவு இல்ல. தோள்ல ஒரு கை, இடுப்புல ஒரு கை." பிரமிளா இரண்டு நாளில் கற்றுக்கொண்டாள். சுகுமாரனுக்கு ஒன்பது நாள் ஆனது. அவன் பட்டதாரி.

படுக்கையிலிருந்த சுப்பிரமணியம் கோணிய வாயால் மூன்று தடவை கேட்டார். "எப்ப... போற?"

"ஏன், அவசரமா?"

"எனக்கும்... ரெஸ்ட் லா." அவளுடைய கைகால் பயிற்சியிலிருந்து அவருக்கும் மூன்று வருடமாக விடுமுறை கிடைக்கவில்லை.

பாசிர் பெனம்பாங்கில் முதல் நாள் திலகம் பதினொரு மணி நேரம் தூங்கினாள். எழுந்து பரோட்டா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினாள். "படகுல மின்மினி பாக்கப் போறீங்களாக்கா?" என்று அஜீஸா கேட்டாள். "அது பாட்டுக்கு மின்னட்டும்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில்தான் தப்பு நடந்தது. சுடுதண்ணீர் கேட்க மாடிப்படியில் இறங்கி வந்தவளை, கருவாடு வாங்க வந்த குமுதா பார்த்துவிட்டாள். குமுதா அவர்கள் கும்பிடும் மாரியம்மன் கோயிலின் மகளிர் பகுதித் தலைவி.

"என்னக்கா இங்க?"

"தங்கியிருக்கேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

குமுதா கருவாட்டை மறந்துவிட்டுப் போனாள். மத்தியானத்துக்குள், பிரமிளா மாமியாரை வீட்டை விட்டு அனுப்பிவிட்டாள் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. குடும்பம் உள்ள ஒரு பெண் இன்னொருவர் கட்டிலில் போய்ப் படுக்க, அந்த ஊரில் வீட்டுச் சண்டையைத் தவிர வேறு காரணம் கிடையாது.

நான்கரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கோயில் நிர்வாகத்திலிருந்து ரெங்கசாமி, ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு. பின்னால் குமுதா. இருவரும் வந்து அவளுடைய கட்டிலிலேயே உட்கார்ந்தார்கள். வேறு இடமில்லை.

"எல்லாம் கேள்விப்பட்டோம்மா" என்றார் ரெங்கசாமி. இதுவரை நாற்பது குடும்பச் சண்டைகளைத் தீர்த்துவைத்தவர்.

"சண்டையே இல்லண்ணே. தூங்க வந்தேன்."

குமுதா கண்ணைத் துடைத்தாள். "பாருங்கண்ணே, இப்பவும் மருமகளை விட்டுக்கொடுக்க மாட்டேங்குறாங்க."

"களைப்பா இருக்கு குமுதா. மூணு வருஷமா தூக்கமில்ல."

"களைப்பா இருந்தா வீட்லயே படுக்கலாமே" என்றார் ரெங்கசாமி. "களைப்புக்கு யாராச்சும் வீட்டை விட்டு வருவாங்களா? வேன் கீழ நிக்குது. துணியை எடுத்து வைங்க. பிரமிளாவைக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை நாங்க சொல்றோம்."

அவள் மறுக்க மறுக்க, அவர்கள் கண்ணில் உயர்ந்துகொண்டே போனாள். தூங்கவேண்டிய ராத்திரி இன்னும் இரண்டு இருந்தது. தலையணைமேல் ரெங்கசாமி சாய்ந்திருந்தார்.

கைப்பேசி அடித்தது. சுகுமாரன்.

"மா, கோயில்லேருந்து போன் மேல போன். மானம் போவுது. வந்துடுங்களேன்."

"அப்பாவை நாலு மணிக்குப் புரட்டினியா?"

"புரட்டிட்டேன்."

"அப்புறம் எந்த மானம் போவுது? பிரமிளாகிட்ட குடு." கைப்பேசியோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். "பிரமிளா, நீ என்னை வெளிய தள்ளிட்டியாம். இல்லன்னு சொன்னா இன்னைக்கே கொண்டாந்து விட்டுருவாங்க. ஆமான்னா, ஆறட்டும்னு விடுவாங்க."

மருமகள் கொஞ்சம் யோசித்தாள். "சண்டைன்னா எத்தனை நாள் கிடைக்கும் அத்தை?"

"ஒரு வாரம் விடுறது வழக்கம்."

"அப்ப ஆமான்னே சொல்லுங்க. மாமாவை நாங்க பாத்துக்கறோம். ஆனா அடுத்த தடவை நான்தான் கோவிச்சிக்கிட்டு வருவேன். நீங்கதான் கொடுமைக்காரி."

"சரி."

வெளியே வந்து, கதவோரமாக நின்றாள். "ஆமாண்ணே. சண்டைதான்."

ரெங்கசாமியின் முகம் தெளிந்தது. குமுதாவின் கண்ணீரும் நின்றது.

"ஒரு வாரம் விடுங்க, ஆறினதும் நானே போறேன். அதுக்குள்ள பிரமிளாகிட்ட யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினா போகமாட்டேன்."

"ஒரு வாரம் நியாயம்தான்" என்றார் ரெங்கசாமி. நாற்பத்தொன்றாவது சண்டையைத் தீர்த்துவைத்த திருப்தியோடு எழுந்தார். பழத்தை வைத்துவிட்டு இருவரும் இறங்கிப் போனார்கள்.

திலகம் விரிப்பை உதறிப் போட்டுக்கொண்டிருந்தபோது அஜீஸா தேநீரோடு வந்தாள்.

"சமாதானம் ஆயிடுச்சாக்கா?"

"இல்ல. ஒரு வாரம் ஆகும். ரூம் இருக்கில்ல?"

"இருக்குக்கா."

"அடுத்த மாசம் முதல் வாரத்துலயும் வேணும். என் மருமக கோவிச்சிக்கிட்டு வரணும்."

அஜீஸா சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் புரட்டினாள். "நாலாந் தேதி வரைக்கும் ஆள் இருக்குக்கா. அஞ்சாந் தேதி கோவிச்சிக்கச் சொல்லுங்க."