திரும்பி வந்த குடங்கள்

வீடு மாறிய அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: அம்மா, அப்பா, அப்பாவின் தங்கையான அத்தை, ஆப்பா என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, லக்கேஜ் ஆட்டோக்காரர், நான். அப்புறம் குடங்கள். குடங்களை விட்டுவிட்டு பெங்களூரில் எங்கள் நீலசந்திரா வீட்டைப் பற்றிப் பேசவே முடியாது.

எங்கள் சந்தில் தண்ணீர் எந்த நாள், எந்த நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அம்மா கண்ணில் பட்டதிலெல்லாம் பிடித்து வைப்பாள். கட்டிலுக்கு அடியில் குடம், கதவுக்குப் பின்னால் குடம், டிவிக்குக் கீழே பெயிண்ட் டப்பா. இருந்தது ஒரே அறை. எல்லோரும் காலை மடக்கித்தான் படுப்போம். குழாய் லேசாக இருமினாலே அம்மா எழுந்து ஓடிவிடுவாள். எனக்கும் அதே புத்திதான். ஸ்கூலில் உட்கார்ந்துகொண்டு, இந்நேரம் தண்ணீர் வந்திருக்குமோ, அம்மா தனியாகப் பிடிப்பாளோ என்று கவலைப்படுவேன். பின்னாளில் எட்டாவதோடு என் படிப்பு நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பாள் அத்தை.

அப்படிப்பட்ட எங்களுக்கு ஈஜிபுராவில் ஒரு வீடு அமைந்தது. கீழே தரைக்கடியில் சம்ப் தொட்டி, மேலே டேங்க், எப்போது திறந்தாலும் தண்ணீர்! சந்து முழுக்க ஓடிச் சொல்லிவிட்டு வந்தேன்.

அத்தை ஒரு பெரிய ஃபிளாட்டில் வீட்டுவேலை பார்த்தாள். "அந்த மேடம் ஹால்ல ஒரு சோபா, ஒரு செடி, அவ்ளோதான் அண்ணி. உள்ள போனாலே மனசு லேசாயிடுது" என்பாள். துடைப்பதற்கும் அது சுலபமான ஹால் என்பதைச் சொல்லமாட்டாள். சாமான் ஏற்றும்போது அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், ஒரு குடம்கூட ஆட்டோவில் ஏறக்கூடாது.

"தண்ணி வரலன்னா?" என்றாள் அம்மா.

"டேங்க் இருக்கு அண்ணி."

"டேங்க் காலியானா?"

"சம்ப் இருக்கு."

"சம்ப்பும் காலியானா?"

"அப்போ பெங்களூரே காலி அக்கா, வந்து ஏறுங்க" என்றார் ஆட்டோக்காரர். அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் கட்டில் கால்களைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டார்.

கடைசியில், குடங்களைச் சந்துக்காரர்களுக்கே கொடுத்துவிட அம்மா ஒப்புக்கொண்டாள். ஆனால் பாத்திரத்தை வெறுமையாகக் கொடுக்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுக்கவேண்டும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் நிறைகுடமாகப் போயிற்று. அந்த வாரம் சந்தில் யார் வீட்டிலும் தண்ணீர் இல்லை. கேட்கவேண்டுமா! நான் தூக்கிக்கொண்டு ஓட, பின்னாலேயே பிள்ளைகள் கத்திக்கொண்டு வர, கல்யாண வீடு தோற்றது. "அல்லா, இத்தன தண்ணிய வெச்சிக்கினா படுத்திருந்தீங்க?" என்றாள் ஆப்பா. பெயிண்ட் டப்பாவில் இருந்ததை அம்மாவே எங்கள் தலையில் கவிழ்த்தாள். தண்ணீரை அவள் வீணாக்கி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

குடம் வாங்கிய ஒவ்வொருவரிடமும் அம்மா ஒன்று சொன்னாள்: "வெச்சிருங்க. வேணும்போது வாங்கிக்கறேன்."

புது வீட்டு ஹாலில் நான் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை உருண்டேன். எதிலும் இடிக்கவில்லை. இன்னொரு தடவை உருண்டேன். அம்மா மட்டும் அடிக்கடி எழுந்துபோய்க் குழாயைத் திறந்து, பார்த்து, மூடிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பழைய சந்துக்காரர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். மாடிப்படியில் ஒரே சலசலப்பு. எட்டிப் பார்த்தேன். எல்லோர் இடுப்பிலும் குடம்! வேணும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னவளுக்குத் திருப்பித் தராமல் இருப்பார்களா? வெறுங்குடமாகத்தான் தருவார்களா? ஒன்றில் அரிசி, ஒன்றில் கத்தரிக்காய், ஒன்றில் வேர்க்கடலை. ஆப்பா மட்டும் வாங்கியது போலவே, தண்ணீராகவே, பஸ்ஸில் கொண்டுவந்திருந்தாள்.

ஹாலில் கால்வைக்க இடமில்லை. "போச்சு, என் ஹால் போச்சு" என்று அத்தை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அம்மா குடங்களைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள், நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

சாப்பாடு முடிந்ததும் எல்லாக் குடத்திலும் ரெண்டு வாழைப்பழம் போட்டு அவரவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இது உங்களுக்கே. இனிமே கேக்கமாட்டேன்."

"நெஜமாவா? நாளைக்கு வந்து நிக்கமாட்டியே?" என்றாள் ஆப்பா.

"மாட்டேன் ஆப்பா. நான் இனிமே அங்க வரமாட்டேன்."

ஆப்பா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். விருந்துக்கு வந்தவளிடம், உன் பக்கமே வரமாட்டேன் என்று யாராவது முகத்துக்கு நேராகச் சொல்வார்களா? ஆப்பா இனி நம்மோடு பேசுவாளா?

எல்லோரும் போனபிறகு அப்பாவிடம் ரகசியமாகக் கேட்டேன், "அம்மாவும் ஆப்பாவும் டூவாப்பா?" அப்பா உதட்டில் விரல் வைத்து ஹாலைக் காட்டினார். வெறும் தரையில், பட்டப்பகலில், காலை நன்றாக நீட்டி அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். சமையலறைக் குழாயை யாரோ சரியாக மூடவில்லை, சொட்டிக்கொண்டே இருந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. அதில் இவ்வளவு நேரம் நின்று பார்க்க அப்பாவுக்கு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே, நான் போய்க் குழாயை மூடினேன்.