பறித்தால் பறித்ததுதான்

செடி அழுத்தும் மரப்பலகை இரண்டு, நடுவே பழைய செய்தித்தாள் கட்டு, இறுக்கிக் கட்ட ஒரு கித்தான் வார். மலையேறும்போதெல்லாம் அதை முதுகில் சுமந்து வந்தவர் எங்கள் தாவரவியல் துறையின் ஆய்வக உதவியாளர். திருவாரூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் விரிவுரையாளராகச் சேர்ந்தபோது அவருக்கு அங்கே இருபது வருட சர்வீஸ். மூலிகைப் பாதுகாப்பு பற்றி நான் வகுப்பில் மணிக்கணக்காகப் பேசுவேன். அவர் பின்னால் நின்று சீசாக்களைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

வருடத்துக்கு ஒருமுறை மாணவர்களை மலைக்கு அழைத்துப் போவோம். ஆளுக்கு இருபது செடிகளை வேரோடு எடுத்து, உலர்த்தி, அட்டையில் ஒட்டிப் பெயரெழுதிக் கொடுக்க வேண்டும். வேர் இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும், அரிய செடி என்றால் கூடும். பாதுகாப்புப் பாடத்துக்கே இப்படி ஒரு விதி. அதிலிருந்த கிறுக்குத்தனம் அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

மலைப்பாதை பிரியும் ஓரிடத்தில் அவர் எப்போதும் எங்களை வலப்பக்கம் திருப்பிவிடுவார். "அந்தப் பக்கம் ஒண்ணுமில்லைங்க மேடம், வெறும் பாறைதான்" என்பார். இரண்டு வருடம் நம்பினேன். மூன்றாம் வருடம், அவர் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில், இடப்பக்கம் நடந்து பார்த்தேன். பாறைக்குப் பின்னால் ஈரச் சரிவில், புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த ஒரு கிழங்குச் செடி பாய் விரித்த மாதிரி நின்றது. மருந்துக்குத் தோண்டித் தோண்டி மற்ற சரிவுகளில் எப்போதோ தீர்ந்துபோன செடி. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னிடமே மறைத்திருக்கிறாரே இந்த மனிதர் என்று. மாணவர்களைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒன்று எடுங்கள் என்றேன்.

நாற்பது பேர். பெரும்பாலும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள், நாற்றங்காலில் கை பழகியவர்கள். அடியைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் கிழங்கும் சல்லிவேரும் அறுபடாமல் வந்துவிடும். நாற்று முடியில் மண் உதறுவதைப் போலவே காலில் தட்டித் தட்டி உதறினார்கள். நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். கால் மணி நேரத்தில் சரிவு வெறிச்சென்று ஆகிவிட்டது. மிச்சமிருந்த ஒன்றிரண்டும் எங்கள் காலடியில் நசுங்கிப் போயின.

தண்ணீர்க் கேனோடு திரும்பி வந்தவர் அதை இறக்கி வைத்துவிட்டுச் சரிவைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. "நம்ம ஊர்ல நாத்துப் பறிச்சா மறுநாள் நட்டுடுவோம் மேடம். இங்க பறிச்சா பறிச்சதுதான்" என்றார். பிறகு நாற்பது செடிகளையும் அவரே வாங்கி, இலை மடியாமல் ஒவ்வொன்றாகத் தாளுக்குள் வைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. பதவி என்று ஒன்று இருக்கிறதே.

அடுத்த வருடம் அங்கே ஒன்றும் முளைக்கவில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. துறையில் முட்டி மோதி அந்த விதியை மாற்றினேன். இப்போது மாணவர்கள் செல்போனில் படம் எடுத்து வருகிறார்கள். அந்தச் செடியை ஒட்டிய பழைய அட்டைகள் நாற்பதும் அலமாரியில் இருக்கின்றன. 'கிடைக்கும் அளவு' என்ற இடத்தில் எல்லாவற்றிலும் 'ஏராளம்' என்று எழுதியிருக்கிறது. கீழே என் கையெழுத்து.

அவர் ஓய்வு பெற்றுச் சீர்காழியில் மகள் வீட்டோடு இருக்கிறார். போன வருடம் தேடிப் போனேன். மாதா படத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். இத்தனை வருடம் கழித்து மன்னிப்புக் கேட்டேன். காப்பியை ஆற்றி என் கையில் கொடுத்தவர், "இன்னொரு எடத்துல இருக்குங்க மேடம். போன மழைக்குக்கூடப் போய்ப் பாத்துட்டு வந்தேன். நல்லா இருக்கு" என்றார். அழுதுவிட்டேன். அழுது முடித்த கையோடு, எங்கே என்றும் கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "நீங்க நல்லவங்கதான். ஆனா எழுதி வெச்சிடுவீங்க. எழுதினா நாலு பேரு கெளம்பி வருவாங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. இதை எழுதும்போது இரண்டு பெயர்களை எழுதி, உடனே அடித்துவிட்டேன். ஒன்று அந்த மலையின் பெயர். மற்றது அந்தச் செடியின் பெயர்.