டெலிபோனில் ஓடிய மோட்டர்

கருவி கொழும்பில், மாணவர் கல்முனையில், நடுவில் ஒரு டெலிபோன்: தொண்ணூறுகளில் நான் பார்த்த போதனாசிரியர் வேலை இதுதான். யுத்தத்தில் பாதை மூடிக் கிடந்ததால் எங்கள் பொறியியல் டிப்ளோமாப் பிள்ளைகளுக்கு ஆய்வுகூடம் போக வழியில்லை. செய்முறை செய்யாவிட்டால் டிப்ளோமாவும் இல்லை. அதனால் கொழும்பு ஆய்வுகூட உதவியாளர் கபூர் நானா நாங்கள் சொல்கிறபடி குமிழைத் திருப்பி, முள் காட்டுவதை வாசிப்பார். நாங்கள் எழுதிக்கொள்வோம். வெளிநாட்டில் இருக்கிற புருஷனோடு டெலிபோனில் குடும்பம் நடத்தியவர்களுக்கு என் பாடு விளங்கும்.

சுகம் விசாரித்தல்

முதல்நாள் மருதமுனை நிசாம் ரிசீவரை வாங்கினான். "கரண்ட் போட்டாச்சு, சொல்லுங்க தம்பி" என்றார் நானா. இவன் ஸலாம் சொன்னான், சுகம் கேட்டான், சொந்த ஊர் எது, மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சா என்று போய்க்கொண்டே இருந்தான். நானாவும் லேசுப்பட்டவரில்லை, எல்லாவற்றுக்கும் விவரமாகப் பதில் சொன்னார். அதற்குள் அங்கே தடைக்கம்பி சூடேறிக் கருகிவிட்டது. நான் கத்தினேன். நிசாம் நிதானமாகச் சொன்னான்: "சுகம் கேக்காம எடுத்தவுடனே வேல சொல்றதுக்கு நாம என்ன பொலிஸா, சேர்?"

விளக்கு

இன்னொரு நாள் மஃரிபு நேரம், பொழுது இருட்டிவிட்டது. பல்ப் பரிசோதனை நடக்கையில் கல்முனையில் கரண்ட் போய்விட்டது. டெலிபோனுக்கு மட்டும் உயிர் இருந்தது. "பல்ப் நல்லா எரியுது" என்று கொழும்பிலிருந்து சந்தோஷப்பட்டார் நானா. குப்பி விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு சாய்ந்தமருது றிஸானா சொன்னாள்: "ஓம், இங்க மண்ணெண்ணெய்தான் எரியுது எண்டு சொல்லுங்க, சேர்."

பரீட்சை

"இந்த டெலிபோன் விளையாட்டுக்குப் புள்ளி போடமாட்டேன்" என்று முதலே சொல்லிவிட்டுத்தான் பரீட்சகர் கொழும்பில் நானாவுக்கு எதிரே உட்கார்ந்தார். றிஸானாவின் முறை. டிப்ளோமா கிடைத்தால் வேலை, கிடைக்காவிட்டால் கலியாணம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. மோட்டரில் பாரம் ஏற்றச் சொன்னாள். நானா வேகத்தை வாசித்தார். இன்னும் ஏற்றச் சொன்னாள். அதே வேகம். மறுபடியும் அதே வேகம்.

"பாரம் ஏத்த ஏத்த மோட்டர் களைக்கணும், நானா. நீங்க வாசிக்கிறதுல அது களைக்கவே இல்ல. முள்ளுல இருக்கிறத வாசிங்க."

"குறைச்சு வாசிச்சா புள்ளட மாக்ஸும் குறைஞ்சிருமே" என்று முனகினார் நானா. பிறகு பரீட்சகரின் குரல் வந்தது: "இங்கே என் கண்முன்னால் செய்த ஒரு பிள்ளையும் இதுவரை வாசிப்பைச் சந்தேகப்பட்டதில்லை, இந்தப் பிள்ளை பாஸ்."

எங்கள் பிள்ளைகள் கடைசிவரை அந்த மோட்டரைக் கண்டதில்லை, ஆனால் அதை ஓட்டிய மனுசனின் மனசு எந்தப் பக்கம் சாயும் என்று மட்டும் சரியாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.