குழாயில் காற்று வரும் சத்தம்

திண்டுக்கல்லில் பெண்ணைக் கொடுப்பதும் பாழுங்கிணற்றில் தள்ளுவதும் ஒன்றுதான் என்று நான் பிறந்த ஊரான அகரத்தில் கேலி பேசுவார்கள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு போய், மகனைப் பெற்று, ஐந்தாம் மாதம் கைக்குழந்தையோடு புருஷன் வீடு திரும்பிய சித்திரையில்தான் அது கேலி இல்லை என்று எனக்கு உறைத்தது. ஐம்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. எங்கள் தெருவுக்கு ஒரே குழாய். அதில் தண்ணீர் எந்த நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது.

வருவதற்கு முன்னால் குழாய் 'உஸ்' என்று காற்றை விடும். அதைக் கேட்டதும் ஓட வேண்டும். வரிசையில் குடத்தை வைத்துவிட்டுச் செத்த நேரம் வீட்டுக்கு வந்தால், குடம் தானாக நடந்து கடைசிக்குப் போயிருக்கும். கேட்டால், "நாங்க எதுக்குத்தா தொடப்போறோம்?" என்பார்கள். மாமியாருக்கு முழங்கால் வீக்கம். கணவருக்கு விடிந்தது முதல் ஜவுளிக்கடை. ஆகவே தண்ணீர் என் பாடு.

சில நாளிலேயே என் காதுக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று. யாராவது தாளித்தால் குழாய் என்று நினைப்பேன். சைக்கிளில் காற்று இறங்கினாலும் குழாய்தான். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். காலையில் எழுந்தால் தாடை வலிக்கும். இரவெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தூங்கியிருப்பேன். மடியில் பிள்ளையை வைத்திருக்கும்போதும் இரண்டு தோளும் காதைத் தொட ஏறி நிற்கும். இதையெல்லாம் ஒரு கோளாறு என்று நான் எண்ணவே இல்லை. ஊரில் எல்லாப் பெண்களும் இப்படித்தானே இருக்கிறார்கள்?

அப்புறம் பால் குறைந்தது. மகன் இழுத்து இழுத்துப் பார்ப்பான். ஒன்றும் வராது. முகம் சிவந்து, முதுகை வில்லாக வளைத்து அலறுவான்.

என் மாமியார் கெட்டவர் இல்லை. பூண்டை வேகவைத்துக் கொடுத்தார். சுறாப்புட்டு செய்தார். உடம்புச்சூடு என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார். கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார். "நல்லா தின்னுத்தா. புள்ள எலும்பும் தோலுமா போறான்" என்பார். தின்றேன். நான் பெருத்தேன், அவன் இளைத்தான். டின் பால் கரைத்துக் கொடுத்தோம். அதைக் கரைக்கவும் அந்தத் தண்ணீர்தானே வேண்டும்? பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டது.

அந்த நேரத்தில் அகரத்தில் கோயில் திருவிழா. போன மறுநாளே எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. வீட்டில் எல்லோரும் அம்மனைக் கும்பிட்டார்கள். திண்டுக்கல் திரும்பினேன், இரண்டாம் நாளே வற்றிவிட்டது. கோளாறு என் உடம்பில் இல்லையோ என்று அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உனக்கு நோவு ஒண்ணும் இல்லம்மா. மனசு பதறினா பால் இறங்காது. பிள்ளையை எடுக்கும்போது தோளைத் தளர விடு. நிதானமா மூச்சு விடு. வேற நினைப்பே வேண்டாம்" என்றார் அவர்.

எவ்வளவு நல்ல வைத்தியம்! காசு இல்லை, கசப்பு இல்லை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டேன். என் மூச்சே எனக்குக் குழாய்ச் சத்தமாகக் கேட்டது. எழுந்து ஓடினேன். தெருவில் ஒரு காக்கை மட்டும் நின்றிருந்தது. சிரிப்பு வந்தது. அடுத்த கணமே அழுகையும் வந்தது. நோய் இன்னதென்று தெரிந்துவிட்டால் பாதி குணம் என்பார்கள். எனக்கு இன்னும் மோசமாயிற்று. இப்போது தண்ணீரை நினைத்துப் பயம், பயப்படுகிறேனே என்று வேறு பயம்.

கணவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பைத்தியம் என்று சொல்லவில்லை. "நாளைக்கு நான் எடுத்தாரேன்" என்று சொல்லி, சொன்னபடி கடைக்குப் போகாமல் காத்திருந்து குடத்தோடு போனார். ஆம்பளை வந்து நிற்கிறாரே என்று பெண்கள் எல்லோரும் ஒதுங்கி வழிவிட, வரிசையில் நிற்காமலே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அன்று மகன் வயிறாரக் குடித்தான். மூன்றாம் நாள் தெருப் பெண்கள் மாமியாரிடம் வந்து நின்றார்கள்.

"உங்க மகன் வந்தா நாங்க ஒதுங்கணும். எங்க வீட்டுலயும் பச்சப்புள்ள இருக்குல்ல?" என்றாள் ஒருத்தி. நான் அந்த வரிசையில் நின்றிருந்தால் அவளைவிடச் சத்தமாகக் கேட்டிருப்பேன். அதனால் எனக்குக் கோபப்படக்கூட ஆள் கிடைக்கவில்லை. கணவர் குடத்தைக் கீழே வைத்தார். "நான் என்னதான் செய்ய, சொல்லு" என்றார். மறுநாள் குடத்தை நானே எடுத்துக்கொண்டு போனேன்.

என் அண்ணன் மனைவிக்கு, எனக்கு முந்தின மாதம்தான் பெண் பிறந்திருந்தது. அந்த மதினி ஆளனுப்பாமல் தானே பஸ் ஏறி வந்தார். மகனைத் தூக்கிப் பார்த்தார். எடை இல்லாத அவனை மடியில் போட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பால் கொடுத்தார். அவன் குடித்த சத்தம் அந்த வீடு முழுக்கக் கேட்டது.

"மழை பெய்யுற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். நீயும் வா" என்றார். நான் போனால் மாமியாருக்குத் தண்ணீர் யார் பிடிப்பது? அவனை மட்டும் அனுப்பினேன். இடையில் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தவனைத் தொட்டுவிட்டு, கடைசி பஸ் போய்விடும் என்று ஓடி வந்தேன்.

ஐப்பசியில் நல்ல மழை. குழாயில் தினமும் தண்ணீர் வந்தது. தோள் இறங்கியது, தாடை வலி போயிற்று. நானும் ராத்திரி தூங்கினேன். மகனைக் கூட்டிவர அகரத்துக்குப் போனேன். அவன் கொழுகொழுவென்று, சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தான். கையை நீட்டினேன். விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"அம்மாடா. போடா அம்மாகிட்ட" என்று மதினி அவனை என் கையில் தந்தார். அவன் உடம்பை முறுக்கி, அவரைப் பார்த்துக் கையை நீட்டி வீறிட்டான். நான் அவனை மார்போடு அணைத்து, டாக்டரம்மா சொன்னபடி தோளைத் தளர்த்தி, நிதானமாக மூச்சு விட்டேன். எந்தப் பதற்றமும் இல்லை. பாலும் இல்லை.

அவன் அழுகையைக் கேட்டு மதினிக்குத்தான் பால் சுரந்தது. ரவிக்கை நனைவதை நான் பார்க்கக்கூடாது என்று, அவர் சட்டென்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"மதினி, பசிக்குது போல" என்று சொல்லி, நான் அவனை அவரிடமே கொடுத்தேன்.