உமாதேவி பெயிலாக்கிய பாறை

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தும் பூவனநாதன், தன் மகள் உமாதேவி என்ன வேலை பார்க்கிறாள் என்று விளக்குவதை எப்போதோ நிறுத்திவிட்டார். "கல்லுக்கு மார்க் போடுதா" என்பதோடு முடித்துக்கொள்வார். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் அதைக் கேட்டதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தது. உமாதேவி வருத்தப்படவில்லை. மாப்பிள்ளையும் அவளிடம் தேறியிருக்க மாட்டார்.

அப்பா சொன்னதில் பொய் இல்லை. நிலவியல் படித்தவள் அவள். ரோட்டுக்கும் ரயிலுக்கும் மலையை வெட்டுகிற இடங்களில் பாறையின் பலத்தைக் கணித்துச் சொல்வதுதான் தொழில். ஒரு துண்டுக் கல்லை நசுக்கிப் பார்த்து அதன் பலத்தைச் சொல்லிவிடலாம். மலை ஒரே துண்டாகவா இருக்கிறது? வெடிப்புகள் எவ்வளவு நெருக்கம், எந்தப் பக்கம் சாய்வு, உள்ளே என்ன அடைத்திருக்கிறது, தண்ணீர் கசிகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, நூற்றுக்கு இத்தனை என்று கூட்டுவாள். எவ்வளவு செங்குத்தாக வெட்டலாம் என்பது அதை வைத்துத்தான் முடிவாகும்.

எட்டயபுரம் பக்கம் புதுச் சாலைக்காக ஒரு பாறைமேட்டை நடுவில் பிளந்தபோது அவளை அழைத்தார்கள். காண்டிராக்டர் காளிராஜ், அவள் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அவருக்குச் செங்குத்தான சுவர்தான் பிடிக்கும். சரித்து வெட்டினால் அவருடைய லாபம் லாரி லாரியாக வெளியேறும்.

சித்திரை வெயிலில் சுத்தியலும் திசைகாட்டியுமாக உமாதேவி இரண்டு சுவர்களையும் தட்டிப் பார்த்தாள். மேற்குச் சுவரில் வெடிப்புகள் ரோட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தன, எப்போது வேண்டுமானாலும் சரியப்போகிற அட்டைப்பெட்டி அடுக்கு மாதிரி. முப்பத்தாறு போட்டாள். கிழக்குச் சுவரில் அவை மேட்டுக்குள்ளே சாய்ந்திருந்தன. அறுபத்திரண்டு. முதல் வகுப்பு.

காளிராஜ் சோதனைக்கூட ரிப்போர்ட்டோடு வந்தார். "இரும்பு மாதிரிக் கல்லுன்னு அவிய எழுதிக் குடுத்திருக்காவ. நீ பெயிலாக்குத."

"நீங்க அனுப்புனது வெட்டும்போது முழுசா வந்த துண்டு மாமா. உடைஞ்சு வந்ததையெல்லாம் என்ன செஞ்சீங்க?"

"உடைஞ்சத எப்படிட்டீ டெஸ்ட் பண்ண முடியும்?"

"அதுக்குத்தான் என்னையக் கூப்பிட்டிருக்காங்க."

அவ்வளவு நம்பிக்கை இருந்தால் மேற்குச் சுவருக்கு அடியில் காரை நிறுத்துங்கள் என்று அவள் சொல்லிவைத்தாள். அவரும் ரோஷக்காரர். புதிதாக வாங்கிய வெள்ளைக் காரைத் தினமும் அங்கேயே நிறுத்தினார். முடிவெடுக்க வேண்டிய அதிகாரியோ இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு மாற்றலாகிப் போனார். சுவர்கள் அரைகுறையாக நின்றன. கார் பளபளவென்று நின்றது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மேற்குச் சுவரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க உமாதேவி ஸ்கூட்டரில் வந்தாள். வண்டியைக் கிழக்குச் சுவரோரம் விட்டுவிட்டு ரோட்டைக் கடந்தாள். காளிராஜ் குடையோடு வந்து, உன் முப்பத்தாறு நட்டுக்குத்தாக நிற்கிறதே என்று சீண்டிக்கொண்டிருந்தார்.

முதுகுக்குப் பின்னால் ஜல்லி தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பினார்கள். கிழக்குச் சுவரில் பாதி ரோட்டில் கிடந்தது. ஸ்கூட்டரில் ஒரு கண்ணாடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

காளிராஜ் ஈரத்திலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "பர்ஸ்ட் கிளாஸ்ல பாஸானதுல்லா அது" என்றார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். தலைக்கு மேலே பார்த்தார். எழுந்துபோய்க் காரை எடுத்துக்கொண்டு விளாத்திகுளம் ரோட்டுப் பக்கம் வெகுதூரத்தில் நிறுத்திவிட்டு, நனைந்துகொண்டே நடந்து வந்தார்.

மழை விட்டு, கற்கள் உருள்வது நின்ற பிறகு உமாதேவி சரிந்த இடத்தைப் போய்ப் பார்த்தாள். மற்ற வெடிப்புகளுக்கு மாறாக ரோட்டைப் பார்த்துச் சாய்ந்த ஒரே ஒரு தளம், தோசைக்கல் மாதிரி வழவழப்பாக; அதன்மேல் கறுப்புச் சேறு. விரலில் தொட்டாள். கரிசல்தான். மேலிருந்து பல காலமாக வெடிப்புக்குள் இறங்கி அடைந்த மண். சித்திரையில் நூல் கனத்துக் கறுப்புக் கோடாக அதைப் பார்த்திருந்தாள். சுத்தியலால் தட்டியபோது பாறை மாதிரியே கணீரென்றது. மழை குடித்ததும் உப்பிச் சோப்பாகிவிட்டது. பிறந்ததிலிருந்து மழைக்காலந்தோறும் அந்த மண்ணில் செருப்பைப் பறிகொடுத்தவள் அவள். பட்டம் வாங்கிய பின் அது கல்லாகிவிடும் என்று எப்படி நம்பினோம் என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது. கெட்ட வார்த்தை ஒன்றையும் சொல்லிக்கொண்டாள்.

மறுநாளே கிழக்குச் சுவருக்கு முப்பத்துமூன்று என்று திருத்தி, காரணத்தோடு அனுப்பினாள். புதிதாக வந்த அதிகாரி போனில், அப்படியானால் மேற்குச் சுவர் பாஸா என்று ஆவலாகக் கேட்டார்.

"அது இன்னும் பெயில்தான் சார். இப்ப அதுக்குத் துணைக்கு ஆள் கிடைச்சிருக்கு."

இரண்டு பக்கமும் சரித்து வெட்டி, மேலே மழைநீர் ஓட வாய்க்கால் எடுத்து, கம்பிவலை போர்த்தினார்கள். காளிராஜ் மறுபேச்சுப் பேசவில்லை. மறுபேச்சுப் பேசுகிற காளிராஜே பரவாயில்லை என்று உமாதேவிக்கு அப்புறம் தோன்றியது. இப்போது எங்கே கல் தட்டுப்பட்டாலும் அவளுக்குத்தான் போன். போன வாரம், வீட்டுக் கக்கூஸ் குழியில் பாறை வந்திருக்கிறது, ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போ என்று கூப்பிட்டார். போனாள். குழியை எட்டிப் பார்த்து, பாறை வெடிப்பில் ஒரு கறுப்புக் கோட்டைக் கண்டதும் ஒரு குடம் தண்ணீர் கேட்டாள். காளிராஜின் மனைவி ராதாமணி, பிள்ளைக்குத் தாகம் போலிருக்கிறது என்று செம்பில் மோர் கொண்டுவந்தாள். உமாதேவி அதைக் குடித்துவிட்டு, குடத்தைத் தானே போய் எடுத்து வந்தாள்.