எம்.டி. ஜீப்பும் வசந்தாக்கா ட்யூப் லைட்டும்

மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன் வேலையில ஒரு விசேஷம் உண்டு. லைட்டு எரியற வரைக்கும் நம்மள ஒருத்தருக்கும் தெரியாது, அணைஞ்சா மட்டும் அத்தனை பேருக்கும் நம்ம பேரு ஞாபகம் வந்துடும். ஃபேக்டரியோ ஆஸ்பத்திரியோ கல்யாண மண்டபமோ, எங்கயாச்சும் ஏணி தூக்கினவங்க இதைப் படிச்சா தலையாட்டுவீங்க. நான் தூக்கறது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில, தகட்டுல கிளிப் அடிக்கிற ஒரு சின்ன கம்பெனியில. கூரையும் ஷீட்டு, சுவரும் ஷீட்டு, ஜன்னல் பேருக்குத்தான். ஊரெல்லாம் எல்இடி வந்தும் எங்ககிட்ட இன்னும் பழைய ட்யூப் லைட்டுதான். இதுல நான் பெருமையா சொல்லிக்க ஒண்ணும் கிடையாது, முன்னாடியே சொல்லிடறேன்.

பாடி எங்க?

எங்க ஸ்டோர்ஸ்ல ஒரு சட்டம். ஃப்யூஸ் போன ட்யூபை முழுசா கொண்டு போய்க் கொடுத்தாத்தான் புது ட்யூபு கிடைக்கும். ஸ்டோர்கீப்பர் ஆந்திரா பார்டர் பக்கம். எல்லாரையும் நைனா நைனான்னு கூப்பிடுவாரு, அதனால நாங்களும் அவரை நைனான்னே கூப்பிடறோம். கம்பெனியில அவர் கையெழுத்து இல்லாம ஒரு ஸ்க்ரூ கூட வெளியே வராது.

சைக்கிள் ஸ்டாண்டுல ஒரு ட்யூபு போயிடுச்சு. கழட்டி அக்குள்ல இடுக்கிக்கினு ஏணியில இறங்கறேன், கடைசிப் படியில கால் வழுக்கிச்சு. எனக்கு ஒண்ணும் ஆவல, ட்யூபு சுக்கு நூறு. பெருக்கி, ஒரு அட்டைப்பெட்டியில போட்டு ஸ்டோர்ஸுக்கு எடுத்துட்டுப் போனேன். நைனா பெட்டியைத் தொறந்து பார்த்தாரு, மூடினாரு. பின்னாடி கியூவுல ஆறேழு பேரு நிக்கறாங்க. அவங்களுக்கும் கேக்கற மாதிரி சொன்னாரு:

"இன்னா நைனா, சாம்பலைக் கொண்டாந்து காட்டற? பாடி எங்க? பாடி இல்லாம செத்துட்டான்னு நான் எப்படி எழுதறது?"

காசு கொடுத்த சேறு

எங்க எம்.டி. ஞாயித்துக்கிழமையானா காடு மேடெல்லாம் ஏத்தறதுக்குன்னே ஒரு ஜீப் வெச்சிருக்காரு. ஆள் ஒசரத்துக்குப் பாதி டயரு. தலையில வரிசையா லைட்டு. அந்த லைட்டுக்குப் பல்பு மாத்தத்தான் என்னை முதல்ல கூப்பிட்டாங்க. கழுவிக்கினு இருந்த டிரைவர் ஆர்.கே.பேட்டையில அறுவடைன்னு போனவரு திரும்பி வரல. பல்பு மாத்தறவன் சும்மாதானே நிக்கறான், பக்கெட்டையும் தூக்கட்டும்னு முடிவாயிடுச்சு. எங்கப்பா ஆயுசு பூரா அடுத்தவன் சேத்துல நின்னவரு. பையன் அதுல கால் வெக்கக் கூடாதுன்னு என்னை ஐடிஐ படிக்க வெச்சாரு. நான் படிச்சு முடிச்சு, ஜீப்புல ஒட்டின சேத்தைக் கழுவிக்கினு கீறேன். ஊட்டுல மட்டும் எலக்ட்ரிக்கல் வேலைன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

முதல் தடவை ஆசை ஆசையா கழுவினேன். மட்கார்டு உள்ள கையை விட்டு, பிரஷ்ஷு போட்டு, டயர் பள்ளத்துல குச்சி விட்டு நோண்டி, ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி ஆக்கிட்டேன். சபாஷ்னு சொல்லுவாருன்னு பக்கத்துலயே நின்னேன். எம்.டி. ரெண்டு ஃப்ரெண்ட்ஸைக் கூட்டிக்கினு வந்தாரு. வண்டியைப் பார்த்ததும் மூஞ்சி சுண்டிப் போச்சு. அந்த ஃப்ரெண்ட்ஸ் வந்ததே சேத்தைப் பார்க்கத்தானாம். எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க?

"யாருய்யா உன்னைக் கழுவச் சொன்னது? இந்தச் சேத்துல இறங்கறதுக்கு நான் காசு கட்டிட்டு வந்திருக்கேன்!"

நண்டு

அடுத்த வாரம் கேட்டுட்டே கழுவினேன். வண்டி பழவேற்காட்டுப் பக்கம் கடல் தண்ணி ஏறுற கழிவெளிச் சேத்துல இறங்கிட்டு வந்திருந்தது. மட்கார்டுக்குள்ள கையை விட்டேன். உள்ள ஏதோ என் விரலைப் புடிச்சிக்கிச்சு. நான் போட்ட சத்தத்துல கேன்டீன் வரைக்கும் நாஷ்டா நின்னு போச்சு. எல்லாரும் ஓடி வந்தாங்க.

கூட்டத்தை விலக்கிக்கினு வந்தது வசந்தாக்கா. பழவேற்காட்டுல மீன் புடிக்கிற குடும்பம், தினமும் கம்பெனி வேன்ல வருவாங்க. எங்க செக்கிங் டேபிள் அவங்களோடது. அடிச்சு வர்ற கிளிப்புல பிசிறு இருக்குதான்னு ஒவ்வொண்ணா பார்த்து ஒதுக்கணும். அவங்க கண்ணுக்குத் தப்பி ஒரு பிசிறு வெளியே போனதா எனக்குத் தெரிஞ்சு இல்ல. அக்கா குனிஞ்சு, அந்த இருட்டுப் பொந்துக்குள்ள தூரத்துல இருந்தே பார்த்து, ரெண்டு விரலால நண்டை எடுத்து மேல தூக்கிக் காட்டிச்சு. கட்டை விரல் அளவு கூட இல்ல. ஆம்பளைங்க, பொம்பளைங்க, வாட்ச்மேன், எல்லாரும் சிரிக்கறாங்க. பூமி பொளந்து உள்ள போயிட மாட்டோமான்னு இருந்தது எனக்கு.

"இதுக்கா தாசு இந்தக் கூச்சல்? இன்னும் நாலு இருந்தா சொல்லு, கொழம்பு வெச்சிடலாம்."

டெஸ்டருக்கும் பொட்டு

ஆயுத பூஜைக்கு எங்க கம்பெனியில மெஷினுக்கெல்லாம் சந்தனம் வெக்கறது வசந்தாக்காதான். மூணு விரலால ஒரு இழு, நடுவுல ஒரு குங்குமப் பொட்டு. பிரஸ்ஸுக்கு, தராசுக்கு, எம்.டி. ஜீப்புக்கு, என் ஏணிக்கு. கடைசியா தன்னோட டேபிளுக்கு மேல சங்கிலியில தொங்கற ட்யூப் லைட்டுக்கும் எக்கி நின்னு வெச்சிச்சு. நான் கிண்டல் பண்ணினேன். எனக்குச் சோறு போடறது இந்த வெளிச்சம்தான்டான்னு சொல்லிச்சு.

அப்புறம் என் டெஸ்டரையும் கேட்டு வாங்கிச்சு. நாங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க அக்கா, வேணாம்னு நெளிஞ்சேன். அதுக்குள்ள பொட்டு வெச்சாச்சு.

"வேதக்காரனா இருந்தா இன்னா? கரண்டு ஆளைப் பார்த்தா அடிக்குது?"

உசுரு கீதே

ஒடைஞ்ச ட்யூபு விஷயத்துக்கு வர்றேன். புதுசு வாங்க முடியல, ஆனா சைக்கிள் ஸ்டாண்டு இருட்டுன்னு பசங்க கத்தறாங்க. பாத்ரூம் வழியில இருந்ததைக் கழட்டி அங்க போட்டேன். பாத்ரூம் வழி இருட்டுன்னு பொம்பளைங்க கத்தினாங்க. ஜீப்பு ஷெட்டுல இருந்ததைக் கழட்டி அங்க போட்டேன். இந்த மாதிரி அட்ஜஸ்ட்மென்ட் பண்ணாத எலக்ட்ரீஷியன் உங்கள்ல எவனாச்சும் இருந்தா கையைத் தூக்குங்க. ஒரு ட்யூபு குறைச்சல். அந்த ஒரு இருட்டை கம்பெனி பூரா சுத்த விட்டுக்கினு இருந்தேன்.

மழைக்காலம் வந்தது. பகல்லயே ஜீப்பு ஷெட்டு கும்மிருட்டு. நான் தடவித் தடவிக் கழுவின வண்டியில எம்.டி. விரலை வெச்சுத் தேய்ச்சுப் பார்த்தாரு, மண்ணு. திட்டினாரு. சரி, யாரு ட்யூபைக் கழட்டலாம்னு யோசிச்சேன். சத்தம் போடாத ஆளுகிட்ட இருந்துதானே எடுப்போம்? வசந்தாக்கா சாப்பிடப் போன நேரத்துல அவங்க டேபிள் ட்யூபைக் கழட்டி ஜீப்பு ஷெட்டுல மாட்டினேன். அவங்களுக்கு, உதவாதுன்னு மூலையில போட்டிருந்த, ரெண்டு ஓரமும் கறுத்துப்போன ஒரு கிழட்டு ட்யூபை மாட்டி விட்டேன். எரியும், ஆனா வெளிச்சம் வராது. மனசு கொஞ்சம் உறுத்திச்சு. அந்தக் கிழட்டு ட்யூபையே நைனாகிட்ட கொண்டு போய், இது ஃப்யூஸ்னு சொல்லிப் பார்த்தேன். அவரு டெஸ்ட் பண்ற பட்டியில மாட்டி சுவிட்சைப் போட்டாரு. பாழாப்போனது மினுக்குன்னு எரிஞ்சு தொலைச்சுது. அதே நாள்ல ஜீப்பு தலைக்கு வந்த புது பல்புங்களை மட்டும், பழசு எங்கன்னு ஒரு வார்த்தை கேக்காம எடுத்துக் கொடுத்தாரு. என் ட்யூபுக்குக் கிடைச்சது இதுதான்:

"உசுரு கீதே நைனா. உசுரோட இருக்கறதை நான் எப்படிப் பொதைக்கறது?"

கண்ணு போச்சு

அதுக்கப்புறம் பத்து நாள்ல செக்கிங்ல பிசிறு தப்ப ஆரம்பிச்சுது. வாங்கற கம்பெனிக்காரங்க ஒரு பெட்டியையே திருப்பி அனுப்பிட்டாங்க. சூப்பர்வைசர் பாஸ்கர் சார் கெட்டவரு இல்ல, ஆனா பெட்டி திரும்பி வந்தா அவருக்கு மேல இருக்கறவங்க அவரைப் புடிச்சு உலுக்குவாங்க. அவரு வந்து லைன்ல அத்தனை பேருக்கும் முன்னாடி வசந்தாக்காவை நிக்க வெச்சாரு. அக்கா அந்த கிளிப்பை மூஞ்சிக்குப் பக்கத்துல, மூக்குல இடிக்கற மாதிரி வெச்சுப் பார்த்துக்கினு நின்னுச்சு. இத்துனூண்டு நண்டை இருட்டுல எடுத்த கண்ணு அது.

நான் ரெண்டு மெஷின் தள்ளி ஏணி மேல இருந்தேன். வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ட்யூபைத் திருப்பி மாட்டினா ஜீப்பு ஷெட்டு இருட்டு, எம்.டி. திட்டு. அந்தத் திட்டுக்குப் பயந்துக்கினு, ஒழுங்கா இருக்கற ஒரு ஸ்க்ரூவை மறுபடி மறுபடி முடுக்கிக்கினு இருந்தேன். எனக்கே என்னைப் பார்த்தா அசிங்கமா இருந்தது.

"வசந்தா, உனக்குக் கண்ணு போச்சு. இந்த மாசம் பார்ப்பேன். இதே மாதிரின்னா கான்ட்ராக்டர்கிட்ட வேற ஆளு கேட்டுடுவேன், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

சந்தனம்

மறு வாரம் அக்கா கண்ணாடி போட்டுக்கினு வந்தாங்க. பொன்னேரி போய் வாங்கினாங்களாம். பொங்கலுக்குத் துணி எடுக்க வெச்சிருந்தது அதுல போச்சாம். போட்டா தலை வலிக்குது, பழகினா சரியாயிடும்னு கடைக்காரன் சொன்னானாம். எல்லார்கிட்டயும் சிரிச்சுக்கினேதான் சொன்னாங்க. நான் அந்தப் பக்கம் போறதையே விட்டுட்டேன்.

மழை ஊத்தின ஒரு மத்தியானம், டிஃபன் பாக்ஸ் கழுவ அக்கா ஜீப்பு ஷெட்டு குழாய்க்கு வந்துச்சு. நான் ஜீப்புக்கு அடியில படுத்து பிரஷ் போட்டுக்கினு இருக்கேன். ஷெட்டு பளபளன்னு எரியுது. தண்ணி சத்தம் நின்னுது. அக்கா காலு மட்டும் அங்கயே நின்னுது. மெல்ல தலையை வெளியே நீட்டினேன். அக்கா கண்ணாடியைக் கழட்டிக் கையில வெச்சுக்கினு, மேல அண்ணாந்து பார்த்துக்கினு நிக்குது. நானும் பார்த்தேன். ட்யூபு மேல மூணு விரல் இழுப்பு, காஞ்சுபோன சந்தனம், நடுவுல குங்குமம். கழட்டினப்போ பூஜை ஞாபகமே இல்லாம அதைத் தூசின்னு நினைச்சு, துடைக்கக் கூட சோம்பல்பட்டு அப்படியே மாட்டியிருக்கேன். அக்கா சண்டை போட்டிருந்தா தேவலாம்.

"தம்பி, அந்தச் சந்தனம் நான் வெச்சது."

ஏணி மேல

வழக்கமா தாசுன்னு கூப்பிடற அக்கா தம்பின்னு கூப்பிட்டதே எனக்கு அறைஞ்ச மாதிரி இருந்தது. உடம்பெல்லாம் சோப்பு நுரை. அப்படியே எழுந்து ஏணியைப் போட்டு ட்யூபைக் கழட்டினேன். குழந்தையைத் தூக்கற மாதிரி ரெண்டு கையிலயும் ஏந்திக்கினு போய், லைன் பூரா பார்க்க, அவங்க டேபிளுக்கு மேல மாட்டினேன். ஜீப்பு பாதி சேத்தோட இருட்டுல நின்னுது. எம்.டி. சாயங்காலம் திட்டினாரு. திட்டட்டும்.

அந்த வாரம் பிசிறு ஒண்ணு கூட தப்பல. பாஸ்கர் சார் சந்தோஷமா வந்து, பார்த்தியா, கண்ணாடி போட்டதும் கண்ணு வந்துடுச்சுன்னு சொன்னாரு. அக்கா கண்ணாடியே போடல, அது டேபிள் மேல கிடந்தது. அக்கா என்னைப் பார்த்துச்சு. அப்புறம் எப்படியோ சொல்லிட்டேன்: "கண்ணு போகவே இல்ல சார். ட்யூபை நான்தான் கழட்டி ஜீப்பு ஷெட்டுல போட்டேன்." பாஸ்கர் சார் என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. அக்காவைப் பார்த்து, சரி, நீ இங்கயே உக்காருன்னு மெதுவா சொல்லிட்டு, நைனாகிட்ட போய் தானே ஒரு புது ட்யூபுக்குக் கையெழுத்துப் போட்டாரு. இவ்வளவுதான் வேலை. முதல் நாளே நான் அவர்கிட்ட போய், ஒடைச்சிட்டேன் சார்னு சொல்லியிருக்கலாம்.

அவரு போனதும் அக்கா கண்ணாடியை மடிச்சு, கூட்டுல போட்டு, என் சட்டைப் பாக்கெட்டுல சொருகிச்சு. நான் வேணாம்கா வேணாம்கான்னு பின்னாடி போறேன், விடல.

"எனக்கு எதுக்குப்பா இது? நீ போட்டுக்கோ. ஏணி மேல ஏறறப்ப, கீழ யாரு ஒக்காந்துக்கினு கீறாங்கன்னு தெரியும்."

அந்தக் கண்ணாடி இன்னும் என் டூல் பெட்டியில, பொட்டு வெச்ச டெஸ்டருக்குப் பக்கத்துல இருக்குது, பவர் எனக்குச் சுத்தமா ஒத்துக்கல, ஆனா ஏணியில கால் வெக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டுப் பார்க்காம ஏறத் தைரியம் வரமாட்டேங்குது.