பலகையில் இருந்த எண்

நாமக்கல் பேருந்து நிலையத்தில் சேலம் வண்டிக்காக நிற்கிறேன். அருகில் நிற்கும் கோழிப்பண்ணைத் தொழிலாளி, சிறையிலிருக்கும் கணவரைப் பார்க்கப் போகிறார். லாரி ஓட்டுநரான கணவர், இடுப்புவலிக்கு மாத்திரை போடத் தொடங்கி, போதை ஊசிவரை போய்விட்டார். 'போதையிலிருந்து மீட்போம்' என்ற அரசுப் பலகையில் இருந்த எண்ணை அழைத்தவர் இந்த அம்மாதான்.

"பண்ணைல ஒரு கோழி தலையத் தொங்கப்போட்டா, போன் போட்டதும் டாக்டரு வருவாருங்க. எங்கூட்டுக்காரருக்கும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன். ஜீப்பு வந்துச்சுங்க."

நடுங்கிய கைகளுக்கு விலங்கு மாட்டி மீட்டிருக்கிறார்கள். என்ன மீட்பு! மனிதர் முட்டையிட்டிருந்தால் அவருக்கும் மருத்துவர் வந்திருப்பார்.

"சொன்னது நீங்கதான்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. காட்டிக் குடுத்தவன் ஆருன்னு ஒவ்வொரு வாட்டியும் பல்லக் கடிக்கிறாரு. நானும் கூடச் சேந்து, அவன் நாசமாப் போவட்டும்னு திட்டிட்டு வாரேனுங்க."